ஏலாதோ, மாட்டியளோ?

மாண்புமிகு ஜனாதிபதி அவர்களுக்கும், வட மாகாண ஆளுநர் அவர்களுக்கும், யாழ்ப்பாணக் கச்சேரியில் எங்கள் கோவைகளைக் கையாளும் அதிகாரிகள் எல்லோருக்கும்,



இந்த மடலில் நான் பாலம் கேட்கப்போவதில்லை. வள்ளம், வைத்தியர், வாத்தியார், குடிதண்ணீர் எதையும் கேட்கப்போவதில்லை. அவற்றுக்கான மனுக்கள் உங்கள் அலுமாரிகளில் ஏற்கெனவே கிடக்கின்றன. அவற்றில் கையொப்பம் இட்ட சிலர் இப்போது உயிரோடு இல்லை. நான் எழுதுவது அந்த மனுக்களுக்கு வரும் பதிலைப் பற்றி. பதிலின் கடைசி வரியில் நிற்கும் ஒரு வினைச்சொல்லைப் பற்றி.

அந்தக் கடிதங்களின் வடிவத்தை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, எழுதுகிறவர்களே நீங்கள்தான். "மேற்படி விடயம் தொடர்பாக" என்று தொடங்கும். நடுவில் நிதி ஒதுக்கீடு, சுற்றறிக்கை, ஆளணி என்று ஒரு பந்தி வரும். முடிவில், தங்கள் கோரிக்கையை நிறைவேற்ற முடியாதுள்ளமையை மனவருத்தத்துடன் அறியத்தருவதாக இருக்கும். ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் நெடுந்தீவிலும் அதை வாசிக்கிற சனம் முழுக் கடிதத்தையும் ஒரு சொல்லில் சுருக்கிவிடும்: "ஏலாதாம்." கடைசியில் ஒட்டிக்கொண்ட அந்த "ஆம்" சும்மா வந்ததில்லை. சொன்னவர் சொன்னார், நாங்கள் நம்பினோம் என்று அர்த்தமில்லை.

எங்கள் பேச்சில் ஏலாது வேறு, மாட்டன் வேறு. பள்ளிக்கூடத்தால் வந்த பிள்ளையிடம் குடத்தைக் கொடுத்து நல்லதண்ணிக் கிணற்றுக்குப் போய்வரச் சொல்கிறாள் தாய். "எனக்கு ஏலாது" என்கிறது பிள்ளை. அவள் அடுப்படியில் நின்றபடியே கேட்பாள்: "ஏலாதோ, மாட்டியோ?" ஏலாது என்றால் கிட்ட வந்து நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்ப்பாள். வருத்தமாய்க் கிடப்பவரை எங்கள் ஊரில் "ஏலாமல் கிடக்கிறார்" என்றுதானே சொல்வது. மாட்டன் என்றால் அகப்பைக் காம்பு வரும். இரண்டு பதிலுக்கும் நடவடிக்கை வேறுவேறு. பிள்ளைக்கும் அது நன்றாய்த் தெரியும். தெரிந்தபடியால்தான் மாட்டன் என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஏலாது என்று சொல்லிப் பார்க்கிறது.

ஏலாது என்ற சொல்லுக்குள் ஆள் இல்லை. எனக்கு ஏலாது, அவருக்கு ஏலாது, அரசாங்கத்துக்கு ஏலாது: ஆர் சொன்னாலும் வினை அசையாமல் அப்படியே நிற்கும். மாட்டன் என்றால் அதற்குள் நான் நிற்கிறேன். மாட்டார் என்றால் அவர் நிற்கிறார். மாட்டோம் என்றால் நாங்கள். சொல்லின் வாலைப் பிடித்தாலே ஆளைப் பிடித்துவிடலாம். "முடியாதுள்ளமை" என்பதன் வாலைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், கையில் ஒருவரும் வரமாட்டார். அலுவலகத் தமிழுக்கு அந்தச் சொல் இவ்வளவு பிடித்துப்போனது ஏன் என்று நான் யோசித்ததில் கிடைத்த ஒரே விளக்கம் இதுதான்.

இடையில் ஒன்று. பழந்தமிழில் மாட்டாமை என்றாலே இயலாமைதான். நாள் போகப் போக அது மறுப்பின் பக்கம் வந்து சேர்ந்தது. மறுப்பை இயலாமையாகவே சொல்லிச் சொல்லி ஒரு சொல்லின் பொருளையே இடம்மாற்றிய ஆட்கள் நாங்கள் என்றால், கச்சேரிக் கிளாக்கரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ஜனாதிபதி அவர்களே, உங்கள் மொழியில் "மட்ட பே" என்பதற்குள் இரண்டும் அடங்கும் என்று சிங்கள நண்பர்கள் சொல்வார்கள். சொல்கிற குரலை வைத்துத்தான் எது என்று பிரித்தறிவார்களாம். கடிதத்துக்குக் குரல் இல்லையே.

நாங்களும் இந்தச் சொல்லை வைத்து விளையாடுகிறவர்கள்தான். மனமில்லாமல் போகாது விட்ட கலியாணத்தின் வீட்டுக்காரரைச் சந்தையில் கண்டால், "அண்டைக்கு வர ஏலாமல் போச்சு, குறை நினையாதேங்கோ" என்போம். அவருக்கும் விஷயம் விளங்கும், எங்களுக்கும் அவருக்கு விளங்கினது விளங்கும். முகம் முறியாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. நாளைக்கு ஒரே கோயில் வாசலில் நிற்க வேண்டியவர்கள், ஒரே லோஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டியவர்கள், அப்படிச் சொல்லித்தான் சீவிக்க வேண்டும். ஆனால் அரசாங்கம் எங்களுக்கு மாமனும் இல்லை மச்சானும் இல்லை. எங்கள் முகம் முறியும் என்று அது கூச்சப்படத் தேவையே இல்லை.

ஒழுங்கான ஏலாது எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பினால் சோழகக் காலத்தில் ஒரு நாள் விடியக் குறிகட்டுவானுக்கு வாருங்கள். புங்குடுதீவின் மேற்கு முனையில் இருக்கிற அந்த இறங்குதுறையிலிருந்துதான் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு போகிறது. நயினாதீவு கண்ணுக்குத் தெரிகிற தூரம். நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம் பிடிக்கும். காற்று எழும்பிய நாளில் ஓட்டியிடம் கேட்பார்கள்: "அண்ணை, இண்டைக்கு வெளிக்கிடுமோ?" அவர் உடனே பதில் சொல்லமாட்டார். கரையில் நின்று கடலைப் பார்ப்பார், அணியம் எழும்பி விழுகிற விதத்தைப் பார்ப்பார். "ஏலாது தம்பி. காத்து விழுந்தால் நாளைக்கு விடியப் பாப்பம்." அவ்வளவுதான். பையைத் தூக்கிக்கொண்டு சனம் திரும்பிவிடும். அந்த ஏலாதுக்கு எதிராக ஒருவரும் மனு எழுதியதில்லை. அன்றைக்குப் படகு ஓடாவிட்டால் முதலில் நட்டப்படுகிறவர் அவர்தான், ஓடிக் கவிழ்ந்தால் சாகப்போகிறவர்களில் அவரும் ஒருவர். காரணம் எல்லோருடைய கண்ணுக்கும் முன்னால் நுரைத்துக்கொண்டு நிற்கிறது. எப்போது ஏலும் என்பதையும் அவரே சொல்லிவிட்டார்.

அரசாங்கத்தின் ஏலாதையும் நாங்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக நாடு அறிவித்தது. அடுத்த மாதங்களில் டீசல் இல்லை, படகுகள் கட்டிக் கிடந்தன. கொழும்பிலும் வரிசை, எங்களிடமும் வரிசை. முணுமுணுத்தோம், ஆனால் பொய் என்று சொல்லவில்லை.

எங்களுக்கு வயிறு எரிவது வேறு இடத்தில். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் இருக்கிற கடல் ஒரு கிலோமீற்றர்கூட இல்லை. அதைக் கடக்க வீதி அபிவிருத்தி அதிகார சபை ஒரு மிதவை விட்டிருக்கிறது. அதை நாங்கள் "பாதை" என்போம். தட்டையான இரும்புத் தளம். சைக்கிள், மோட்டார் சைக்கிள், மீன்பெட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள், பிரசவத்துக்கு நாள் எண்ணும் பெண் எல்லாம் ஒன்றாக நின்று அக்கரைக்குப் போவது. காசு வாங்குவதில்லை, அதற்கு நன்றி. பாதை பழுதானால், கை காட்டினால் தெரிகிற காரைநகருக்கு நாங்கள் வேலணை, பண்ணை, யாழ்ப்பாணப் பட்டினம், வட்டுக்கோட்டை என்று குடாநாட்டைச் சுற்றி வரவேண்டும். அங்கே ஒரு பாலம் வேண்டும் என்ற கோரிக்கைக்கு வயது என்ன என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். எல்லோரும் சொல்கிற பதில் ஒன்று: ஏலாதாம்.

யுத்தம் முடிந்து இரண்டு வருடம் நிறையமுன், 2011 ஜனவரியில், சங்குப்பிட்டியில் 288 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்பட்டது. அங்கேயும் முன்பு பாதைதான் ஓடியது. அதே யாழ்ப்பாணக் கடல், அதே சேறு, அதே உப்புக்காற்று. பூநகரி வழியாக ஏ-32 வீதி குடாநாட்டுக்குள் வரவேண்டும் என்று ஆரோ தீர்மானித்தார்கள், பாலம் வந்தது. பாலம் கட்டத் தெரியாத நாடு இல்லை இது.

இன்னும் கிட்டவே ஓர் உதாரணம் இருக்கிறது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவில், அந்தப் பாதை ஓடுகிற கடலிலேயே, கடற்கோட்டை நிற்கிறது. போர்த்துக்கேயர் கட்டியது, ஒல்லாந்தர் பன்றித்தொடையின் குதி என்ற அர்த்தத்தில் அதற்கு ஹமன்ஹீல் என்று பெயர் வைத்தார்கள். பிறகு சிறைச்சாலையாக இருந்தது. ஜனாதிபதி அவர்களே, உங்கள் கட்சியின் நிறுவனர் றோகண விஜேவீரவை அடைத்து வைத்திருந்த அறை என்று அங்கே ஒன்றைக் காட்டுகிறார்கள். இப்போது அது கடற்படை நடத்துகிற உல்லாச விடுதி. நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த கல்லுக் கோட்டைக்குக் கட்டிலும் மெத்தையும் விருந்து மேசையும் போய்ச் சேர்ந்திருக்கின்றன. அதைக் கடந்துபோகிற பாதையில் நின்று பார்க்கிற மீன் வியாபாரிக்கு, கடல்தான் தடை என்று எப்படிச் சொல்லி விளங்கப்படுத்துவீர்கள்?

கச்சதீவைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. அங்கே ஒரு குடியிருப்பு இல்லை, குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. நிர்வாகத்தில் நெடுந்தீவுப் பிரதேசத்துக்கு உட்பட்டது. வருடத்தில் ஒருமுறை, தவக்காலத்தில், அந்தோனியார் திருவிழா. அதற்கு முன்கூட்டியே கச்சேரியில் கூட்டம் கூடும், திணைக்களத் தலைவர்கள் எல்லோரும் வருவார்கள். ஆர் தண்ணீர் கொடுப்பது, ஆர் விளக்குப் போடுவது, வைத்தியர் எத்தனை பேர், மலசலகூடம் எங்கே என்று ஒவ்வொன்றாகத் தீர்மானிப்பார்கள். அதிகாலையில் யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்கு பஸ் ஓடும், அங்கிருந்து படகுகள் வரிசையாகப் போகும். கடற்படை தற்காலிக இறங்குதுறை போடும், சாப்பாடு கொடுக்கும். இராமேஸ்வரத்திலிருந்து வருகிறவர்களையும் சேர்த்து ஆயிரக்கணக்கான சனத்தை ஒரு வெறுந்தீவில் ஓரிரவு தங்கவைத்துப் பத்திரமாக அனுப்புவது சின்ன வேலை இல்லை. செய்கிறவர்களுக்கு என் மரியாதை. அந்தோனியாரில் எனக்கும் கோபமில்லை.

ஆனால் அந்த வேலையைச் செய்தவர்கள் ஆர்? எங்கள் மனுவுக்கு மனவருத்தத்துடன் பதில் எழுதுகிற அதே திணைக்களங்கள்தான். அதே இறங்குதுறை, அதே கடல். திருவிழா முடிந்து கொடி இறங்கியதும் எல்லாம் பழையபடி. நெடுந்தீவு வைத்தியசாலையிலிருந்து இரவில் ஒருவரை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டி வந்தால், படகு உண்டோ, ஓட்டி உண்டோ, எரிபொருள் உண்டோ, காற்று எப்படி என்று தொலைபேசியில் தொடங்குகிறது தேடல். 2025 செப்ரெம்பர் 1ஆம் திகதி நீங்களே கடற்படைப் படகில் கச்சதீவுக்குப் போய்வந்தீர்கள். நாட்டுத் தலைவர் ஒருவர் அங்கே கால் வைத்தது அதுவே முதல் தடவை என்று செய்திகள் சொல்லின. அதே நாளில் எங்கள் மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல்லும் நாட்டினீர்கள். மைதானம் வரட்டும், எங்கள் பெடியளும் விளையாடத்தான் வேண்டும். தீவுப்பகுதியில் ஒன்றைக் கட்ட ஏலும் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

மின்சாரக் கதை இன்னும் சுவாரசியம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் டீசல் இயந்திரத்தை நம்பியிருந்த தீவுகள். 2021 ஜனவரியில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் பணத்தில் காற்றாலையும் சூரியகலமும் அமைக்கும் ஒப்பந்தத்தை ஒரு சீனக் கூட்டு நிறுவனத்துக்குக் கொடுக்க அமைச்சரவை சம்மதித்தது. இந்தியா எதிர்த்தது. அந்த வருடக் கடைசியில், மூன்றாம் தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலை காரணமாகத் திட்டம் நிறுத்தப்படுவதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியாவோடு புரிந்துணர்வு உடன்படிக்கை, 2024 மார்ச்சில் பெங்களூர் நிறுவனம் ஒன்றுடன் ஒப்பந்தம்: 1,700 கிலோவாட் சூரியசக்தி, 530 கிலோவாட் காற்று, ஏறத்தாழ 11 மில்லியன் டொலர் இந்திய மானியம். எங்களுக்கு விளக்கு எரிய வேண்டும் என்று இரண்டு வல்லரசுகள் இப்படிப் போட்டி போடும் என்று ஆர் கண்டது? பணம் இருந்தது, தொழில்நுட்பம் இருந்தது, தர இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். ஒப்பந்தம் திரும்ப எழுதி முடிய மூன்று வருடம் போனது ஏலாமையால் இல்லை. ஆருடைய விருப்பம் வெல்வது என்ற கணக்கால்.

எல்லாவற்றையும் உங்கள் தலையில் போடுவதும் சரியில்லை. மனம் இருந்தும் ஏலாமல் போனவர்களும் இருக்கிறார்கள். 2017இல் உலக வங்கியினதும் அவுஸ்திரேலியாவினதும் உதவியில் நெடுந்தாரகை என்ற பயணிகள் படகு நெடுந்தீவுக்கு வந்தது. அழகான படகு. அதை ஓட்டுகிற செலவு, பழுது பார்க்கிற செலவு எல்லாம் போய் விழுந்தது நெடுந்தீவுப் பிரதேச சபையின் தலையில். அந்தச் சபையின் வருமானம் எவ்வளவு என்று பார்த்தால் தெரியும், அது ஏலாது என்று சொன்னால் அது உண்மையான ஏலாது. ஆனால் படகைத் தூக்கி ஏலாதவரின் கையில் கொடுத்தவர் ஏலாதவர் இல்லை. இந்த மூன்றாவது வகையை எழுத அலுவலகத் தமிழில் சொல்லே இல்லை.

ஏலாது என்று சொன்னவரை நீதிமன்றம் கூப்பிட்டு விசாரித்த சம்பவமும் இந்த நாட்டில் நடந்திருக்கிறது. 2023 மார்ச் 9ஆம் திகதி நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல், திறைசேரியில் பணம் இல்லை என்று தள்ளிப்போனது. நெடுந்தீவு, வேலணை, ஊர்காவற்றுறை, காரைநகர் சபைகளும் ஆளில்லாமல் கிடந்தன. பிறகு விளங்கியது, அந்த வருட வரவு செலவுத் திட்டத்திலேயே பாராளுமன்றம் தேர்தலுக்கென்று 10 பில்லியன் ரூபா ஒதுக்கியிருந்தது. 2024 ஓகஸ்ட் 22ஆம் திகதி உயர் நீதிமன்றம், தேர்தலை நடத்தாமல் விட்டதால் மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்புச் சொன்னது. அப்போது நிதி அமைச்சராகவும் இருந்த ஜனாதிபதியும் தேர்தல் ஆணைக்குழுவும் பொறுப்பு என்றது. தேர்தல் 2025 மே 6இல் நடந்தது. சட்டத்தின் மொழியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், நீதியரசர்கள் கேட்டது அந்தத் தாய் கேட்ட கேள்விதான். மனுப் போட்டவர்களில் உங்கள் தேசிய மக்கள் சக்தியும் ஒன்று, ஜனாதிபதி அவர்களே. பணம் இல்லை என்ற பதிலைக் கேட்டு அன்றைக்கு நீங்கள் திருப்திப்படவில்லை.

அப்படியென்றால் மாகாண சபையைப் பற்றி நாங்கள் என்ன நினைப்பது? வட மாகாண சபைக்கு 2013இல் முதலும் கடைசியுமாகத் தேர்தல் நடந்தது, 2018 ஒக்ரோபரில் காலம் முடிந்தது. அதன் பிறகு கேட்டால் சட்டச் சிக்கல், ஏலாது என்கிறார்கள். 2017இல் தேர்தல் முறையை மாற்றியது பாராளுமன்றம். அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018இல் தோற்கடித்ததும் பாராளுமன்றம். இப்போது அந்தப் பாராளுமன்றத்தின் 225 ஆசனங்களில் 159 உங்களிடம் இருக்கின்றன. கதவைப் பூட்டியவரே திறப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கதவு பூட்டிக் கிடக்கிறது உள்ளே போக ஏலாது என்று சொன்னால் கேட்பவன் சிரிப்பானா அழுவானா?

இன்னொரு விஷயம், இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. உங்கள் மாட்டோம் எங்களிடம் வந்து சேரும்போது ஏலாது ஆகிவிடுகிறது. எங்கள் ஏலாது உங்களிடம் வந்து சேரும்போது மாட்டோம் ஆகிவிடுகிறது.

கிளினிக்குக்குப் போகத் தவறிய நீரிழிவுக்காரரின் கொப்பியில் "ஒழுங்காக வருவதில்லை" என்று எழுதப்படுகிறது. அவர் நெடுந்தீவிலிருந்து விசேட வைத்தியரைப் பார்க்க வேண்டுமென்றால் முதல் நாளே வெளிக்கிட்டு, யாழ்ப்பாணத்தில் ஆர் வீட்டுத் திண்ணையிலாவது படுத்தெழும்பி, விடியப் போய் இலக்கம் எடுக்க வேண்டும். பின்னேரப் படகைத் தவறவிட்டால் இன்னோர் இரவு. படுக்க வீடு இல்லாதவர் என்ன செய்வார்? இரண்டு தரம் போவார், மூன்றாம் தரம் விட்டுவிடுவார். கொப்பியில் அவர் அக்கறையில்லாத நோயாளி. படகு வராத நாளில் பிரத்தியேக வகுப்புக்குப் போகாத பிள்ளை படிப்பில் நாட்டமில்லாத பிள்ளை. நிவாரணப் படிவத்தைத் திகதிக்குப் பிந்திக் கொடுத்த பெண், அதற்கு வேண்டிய ஒரு பிரதிக்காகக் குறிகட்டுவான் தாண்டிப் போய்வந்தவள், "அறிவித்தும் சமர்ப்பிக்கவில்லை" என்ற நிரலுக்குள் விழுகிறாள். விடியமுன் வீட்டை விட்டு வெளிக்கிட்டுக் கடல் தாண்டி வந்து, பின்னேரப் படகுக்காகப் பாடவேளையை வெட்டி ஓடுகிற ஆசிரியரையும் தீவில் வேலைசெய்ய விருப்பமில்லாதவர் என்றுதான் பேசுகிறோம். தங்க ஓர் ஒழுங்கான விடுதி உண்டா என்று கேட்பதில்லை.

எல்லாவற்றிலும் பெரியது, கூட்டங்களில் காதில் விழுகிற அந்த வசனம்: "தீவுச் சனத்துக்கே ஊரில் இருக்க விருப்பமில்லை, எல்லாம் வெளிநாடு." புங்குடுதீவில் பூட்டிக் கிடக்கிற வீடுகளைக் காட்டிச் சொல்வார்கள். 1990லும் 1991லும் படை நடவடிக்கைகளின்போது சட்டிபானையோடு கடல் தாண்டி ஓடியது விருப்பத்தால் இல்லை. திரும்பி வந்தவர்கள் பிள்ளையின் படிப்பையும் தாயின் நெஞ்சுவலியையும் கணக்குப் பார்த்து மறுபடி பட்டினத்துக்குப் போனதும் விருப்பத்தால் இல்லை. விருப்பம் எங்களுக்கு நிறையவே இருந்தது. வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கிற பாலத்துக்கு வாணர் பாலம் என்று பெயர். அதற்காக ஓடித் திரிந்த வாணர் சகோதரர்களின் பெயர் அது. அந்தப் பாலத்தில் ஏறாமல் குறிகட்டுவானுக்கு ஓர் அமைச்சரும் வர ஏலாது.

ஏலாது வேறு, மாட்டோம் வேறு என்ற வேறுபாடு நான் வீட்டுப் பேச்சிலிருந்து எடுத்ததுதான் என்றாலும், வெளியுலகமும் இதை அறியாமல் இல்லை. பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 1980இல் சேர்ந்தது. அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு 1999இல் உணவு உரிமை பற்றிய பொதுக் கருத்துரையில் ஒன்றைத் தெளிவாகச் சொன்னது. ஓர் அரசு கடமையைச் செய்யாவிட்டால், அது இயலாமையாலா விருப்பமின்மையாலா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். வளம் போதாது என்று சொல்கிற அரசு, இருக்கிற வளம் முழுவதையும் பயன்படுத்த எல்லா முயற்சியும் எடுத்தேன் என்று காட்ட வேண்டும். நிரூபிக்கிற பாரம் சொல்கிறவர் மேல். அடுத்த வருடம் சுகாதார உரிமைக்கும் அதே அளவுகோலை வைத்தது. ஆக, "நிதி இல்லை" என்பது பதிலின் முடிவில்லை, தொடக்கம். நிதி எவ்வளவு இருந்தது, எதற்குப் போனது, எங்கள் முறை எப்போது என்பது அதற்குப் பிறகு வரவேண்டும்.

சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் சட்டத்திலும், ஒரு நாடு விசாரிக்க விரும்பவில்லையா, விசாரிக்க ஏலவில்லையா என்ற கேள்வி உண்டு. இலங்கை அந்தச் சட்டத்தில் கையொப்பம் இடவில்லை. ஆனாலும் நெடுந்தீவில் பிறந்த எவருக்கும் அந்தக் கேள்வியை வாசிக்கும்போது ஒரு படகு ஞாபகம் வரும். 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து வெளிக்கிட்ட குமுதினிப் படகில், நடுக்கடலில், பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். முப்பதுக்கும் மேல் என்பது ஊரின் கணக்கு. கைக்குழந்தையும் அதில் ஒன்று. தப்பியவர்கள் இருந்தார்கள், கடற்படையினர்தான் செய்தார்கள் என்று சாட்சி சொன்னார்கள். நாற்பது வருடம் போய்விட்டது. ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. வருடாவருடம் மாவிலித்துறையில் நினைவுநாள் நடக்கிறது. அங்கே நிற்கிற முதியவர்களுக்கு ஆறுதல் வார்த்தைகள் போதும் போதும் என்றாகிவிட்டன. விசாரிக்க ஏலாதா, விசாரிக்க மாட்டீர்களா? இரண்டில் ஒன்றையாவது சொல்லிவிட்டால், அவர்கள் எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதையாவது தெரிந்துகொள்வார்கள்.

ஔவையார் ஆத்திசூடியில் விருப்பத்தை முதலிலும், இயன்றதை ஒளிக்காமல் இருப்பதை மூன்றாவதிலும் வைத்தார். ஒன்றாம் வகுப்பில் நாங்கள் சத்தம்போட்டுப் பாடமாக்கியது. கச்சேரியில் இருக்கிற அதிகாரிகளில் அநேகர் அதே பாடத்தைப் படித்தவர்கள்தான்.

இனிக் கேட்க வந்ததைக் கேட்கிறேன். தீவுப்பகுதியிலிருந்து வரும் கோரிக்கை ஒன்றை மறுக்கும்போது, "முடியாதுள்ளது" என்ற சொல்லை இனி எழுதாதீர்கள். செய்ய விருப்பமில்லை, வேறு இடத்துக்கு முன்னுரிமை கொடுத்துவிட்டோம், இந்தச் சனத்தொகைக்கு இவ்வளவு செலவு வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டோம் என்றால், "செய்யமாட்டோம்" என்று எழுதுங்கள். தீர்மானித்தவர் ஆர், எந்தக் கூட்டத்தில் என்று பக்கத்தில் போடுங்கள். எங்களுக்குக் கோபம் வரும், வரட்டும். மாட்டோம் என்பவரோடு வாதாடலாம், வாக்குப் போடாமல் விடலாம், நீதிமன்றம் போகலாம். உண்மையிலேயே ஏலாது என்றால் அந்த ஓட்டி சொல்வதுபோலச் சொல்லுங்கள்: என்ன தடை, எவ்வளவு குறைகிறது, எப்போது ஏலும்.

இது புதுச் சட்டம் வேண்டிய காரியமில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒரு துண்டுத் தகவலைத் தர மறுக்கிற அதிகாரிகூட 14 வேலை நாளுக்குள் முடிவைச் சொல்லி, மறுப்பதற்கான காரணத்தையும் எழுத வேண்டும். தகவலை மறுக்கக் காரணம் வேண்டுமென்றால் படகை மறுக்கவும் காரணம் வேண்டாமா? ஒரு சுற்றறிக்கை போதும், ஆளுநர் அவர்களே. நாளைக்கே எழுதலாம்.

தொடக்கமாக ஊர்காவற்றுறை–காரைநகர் பாலத்தையும், நெடுந்தாரகையின் எரிபொருளையும், இரவில் நோயாளி ஏற்றும் படகையும், மாகாண சபைத் தேர்தலையும், குமுதினி வழக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே ஏலாது அல்லது மாட்டோம், அதற்குக் கீழே காரணம். பதில் தமிழில் வரட்டும். தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் சொல்லியிருக்கிறது. எனக்குத் தனியாக அனுப்பத் தேவையில்லை. நெடுந்தீவு, வேலணை, ஊர்காவற்றுறைப் பிரதேச செயலகங்களின் அறிவித்தல் பலகையிலும் குறிகட்டுவான் இறங்குதுறையிலும் ஒட்டச் சொல்லுங்கள். கீழே பெயரும் பதவியும் திகதியும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
நெடுந்தீவான் ஒருவன்